வெசாக் முழுநிலா நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பௌத்தர்களின் நாள்களில் முதன்மையானது வெசாக். அது பல நாடுகளில் பலவிதமாகக் கொண்டாடப்படுகிறது என்றாலும், தமிழ் வாசகர்களுக்கு அண்மையில் இருப்பதும், வீதியிலும் விகாரையிலும் மிக விரிவாகக் கொண்டாடப்படுவதும் இலங்கையில்தான். ஆகவே கீழுள்ள விடைகள் பெரும்பாலும் இலங்கை வழக்கத்தை அடிப்படையாகக் கொண்டவை.

வெசாக் எதை நினைவுகூரும் நாள்?

கௌதம புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது ஆகிய மூன்றையும் ஒருசேர நினைவுகூரும் முழுநிலா நாள் இது. லும்பினியில் பிறந்த சித்தார்த்தர் தம் 29 ஆவது வயதில் வீட்டைத் துறந்தார். 35 ஆவது வயதில், உருவேலையில் நேரஞ்சரை ஆற்றங்கரையிலிருந்த அரச மரத்தின் கீழ் ஞானம் பெற்றார். அதன்பின் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து அறம் உரைத்து, 80 ஆவது வயதில் குசிநகரத்தில் இரு சால மரங்களுக்கு நடுவே படுத்தபடி மறைந்தார். இம்மூன்றும் விசாக நாண்மீனை ஒட்டிய முழுநிலா நாளில் நிகழ்ந்தன என்பது இலங்கை, தாய்லாந்து, மியான்மர் ஆகிய நாடுகள் பின்பற்றும் தேரவாத மரபு. பாலியில் வேசாகம், வடமொழியில் வைசாகம், சிங்களத்தில் வெசக், தமிழில் வைகாசி என வழங்கும் பெயர்கள் எல்லாம் அந்த விசாகத்திலிருந்தே பிறந்தவை.

இலங்கைப் பௌத்தர்கள் நான்காவது காரணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஞானம் பெற்ற எட்டாவது ஆண்டில், மணியக்கிகன் என்னும் நாக அரசனின் அழைப்பை ஏற்று, வெசாக் முழுநிலா நாளில் புத்தர் கொழும்புக்கு அருகிலுள்ள களனிக்கு எழுந்தருளினார் என்று இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சம் கூறுகிறது. களனி விகாரையில் இந்நாளில் திரளும் கூட்டத்துக்கு இந்த நம்பிக்கையே அடிப்படை.

மூன்று நிகழ்வுகளும் ஒரே நாளில் நடந்தன என்பது வரலாற்று உண்மையா?

அது சமய மரபு. நாள் குறித்து உறுதிசெய்யும் கல்வெட்டோ ஆவணமோ கிடையாது. மகாயான மரபைப் பின்பற்றும் சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகள் பிறப்புக்கும் ஞானத்துக்கும் பரிநிர்வாணத்துக்கும் வெவ்வேறு நாள்களை வைத்திருக்கின்றன. இடத்தைப் பற்றி மட்டும் வலுவான சான்று உண்டு. லும்பினியில் அசோகர் நாட்டிய தூணில், சாக்கிய முனிவராகிய புத்தர் இங்கே பிறந்தார் என்றும், அதனால் அந்த ஊரின் வரி குறைக்கப்பட்டது என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அசோகர் முடிசூடி 20 ஆண்டுகள் ஆனபின் நேரில் வந்து வழிபட்டதையும் அந்தக் கல்வெட்டே சொல்கிறது.

ஆண்டுக் கணக்கிலும் கருத்து வேறுபாடு உண்டு. தேரவாத மரபின்படி பரிநிர்வாணத்தின் 2500 ஆண்டு நிறைவு 1956 ஆம் ஆண்டு புத்த ஜயந்தியாகக் கொண்டாடப்பட்டது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அவருடைய மறைவை அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியதாகக் கருதுகிறார்கள். ஆனால் விளக்கேற்றும் ஒருவருக்கு இந்தக் கணக்கு தடையாக இருப்பதில்லை. ஒருவரின் பிறப்பையும் விழிப்பையும் மறைவையும் ஒரே நிலவின் கீழ் வைத்து நினைப்பதில் ஒரு பொருள் இருக்கிறது: பிறந்த நாளைக் கொண்டாடும்போதே இறப்பையும் மறைக்காமல் கூடவே வைத்துக்கொள்ளும் பண்டிகைகள் மிகக் குறைவு.

வெசாக்கும் நம் வைகாசி விசாகமும் ஒரே நாள்தானா?

சில ஆண்டுகளில் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ வரும். சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மாதம் விலகி நிற்கும். காரணம் நாள்காட்டி. தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. மே மாத நடுவில் சூரியன் இடப ராசிக்குள் புகும்போதுதான் வைகாசி பிறக்கிறது. வெசாக் மாதமோ நிலவைப் பின்பற்றுவது. மே மாதத் தொடக்கத்தில் முழுநிலா வந்தால், அது பௌத்தர்களுக்கு வெசாக்காகவும் தமிழர்களுக்குச் சித்திரைப் பௌர்ணமியாகவும் அமைந்துவிடும். 2023 ஆம் ஆண்டு மே 5 அன்று இலங்கையில் வெசாக். அதே நாளில்தான் மதுரையில் கள்ளழகர் வைகை ஆற்றில் எழுந்தருளினார். அவ்வாண்டு வைகாசி விசாகம் ஜூன் 2 ஆம் நாள் வந்தது. 2025 ஆம் ஆண்டிலும் மே 12 அன்று வெசாக்கும் அழகர் ஆற்றில் எழுந்தருளுவதும் அவ்வாறே சேர்ந்தன. 2024 ஆம் ஆண்டிலோ வைகாசி விசாகம் மே 22 ஆம் நாளும் வெசாக் மே 23 ஆம் நாளும் அடுத்தடுத்து வந்தன.

பௌத்த நாடுகளுக்கு இடையிலும் இந்த வேறுபாடு உண்டு. நிலவு மாதங்களைச் சூரிய ஆண்டோடு பொருத்துவதற்காக இடையிடையே ஓர் அதிக மாதத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது; அதை எங்கே சேர்ப்பது என்பதில் நாட்டுக்கு நாடு முறை மாறுகிறது. அதனால்தான் 2023 இல் இலங்கை மே 5 ஆம் நாள் கொண்டாடிய பண்டிகையைத் தாய்லாந்து ஜூன் 3 ஆம் நாள் கொண்டாடியது.

அப்படியானால் வைகாசி விசாகம் முதலில் பௌத்தப் பண்டிகையாக இருந்து பின்னர் மாறியதா?

இந்தக் கேள்வி அடிக்கடி சூடாகவே கேட்கப்படுகிறது. விசாகம் முருகப் பெருமானுக்குரிய நாள். வைணவர்களுக்கு நம்மாழ்வார் அவதரித்த நாள். பௌத்தர்களுக்குப் புத்தரின் நாள். ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று நிறுவுவதற்குப் போதிய சான்று இல்லை. வானத்தில் முழுநிலா ஒரு நாண்மீனோடு சேர்வது எல்லோருக்கும் பொதுவான காட்சி. அதைக் கண்ட ஒவ்வொரு சமயமும் தனக்கு உயர்வான ஒன்றை அதனோடு இணைத்திருக்கலாம் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் தமிழிலும் இந்த நாள் புத்தருக்குரியதாகப் போற்றப்பட்டது என்பதில் ஐயமே இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி தோன்றும் நாளை, மணிபல்லவத் தீவின் காவல் தெய்வமான தீவதிலகை எவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பிடுகிறாள் என்று பாருங்கள். இளவேனிற் பருவத்தில், சூரியன் இடபத்தில் நிற்கும்போது, கார்த்திகை முதலாக எண்ணிவரும் நாண்மீன்களில் பதின்மூன்று கழிந்தபின் நடுவாக நிற்கும் மீனில், போதித் தலைவனுக்குரிய நாளில், கோமுகிப் பொய்கையிலிருந்து அந்தப் பாத்திரம் மேலெழும் என்கிறாள். கார்த்திகையிலிருந்து எண்ணினால் பதினான்காவது விசாகம். 27 மீன்களில் அதுவே நட்டநடு. வறியோரின் பசி தீர்க்கும் பாத்திரத்தை நீரிலிருந்து எழச் செய்வதற்குத் தமிழ்ப் புலவர் தேர்ந்தெடுத்த நாள் வெசாக். இந்தப் பண்டிகையின் உட்பொருளை இதைவிட நன்றாகச் சொன்ன வேறொரு சான்றை நான் கண்டதில்லை.

போயா என்பது என்ன? வெசாக்குக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நிலவின் நிலையை ஒட்டி அமையும் நோன்பு நாள் போயா. பாலியில் அதன் பெயர் உபோசதம். பிற சமயத் துறவிகள் பிறைநாள்களிலும் முழுநிலா நாளிலும் கூடி மக்களுக்கு அறம் உரைப்பதைக் கண்ட மகத மன்னன் பிம்பிசாரன், பௌத்தத் துறவிகளும் அவ்வாறு கூடினால் நல்லது என்று புத்தரிடம் வேண்டிக்கொண்டதாக, துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல் சொல்கிறது. இன்று இலங்கையில் ஒவ்வொரு முழுநிலா நாளும் பொது விடுமுறை. 1966 முதல் சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாளையே வார விடுமுறையாக வைத்து நாடு முழுவதும் இயங்கியது என்பது இன்றைய தலைமுறைக்கு வியப்பாக இருக்கும். ஆண்டின் முழுநிலாப் போயாக்களில் தலையாயது வெசாக். அதற்கு மட்டும் மறுநாளும் விடுமுறை உண்டு.

'சில்' அனுட்டித்தல் என்றால் என்ன?

சீலம் என்னும் சொல்லே பேச்சு வழக்கில் 'சில்' ஆனது. பௌத்தர்கள் அன்றாடம் ஏற்கும் ஐந்து சீலங்கள் கொல்லாமை, கள்ளாமை, பிறழ்ந்த காமம் தவிர்த்தல், பொய்யாமை, மது அருந்தாமை ஆகியவை. போயா நாளில் இவற்றோடு மேலும் மூன்றைச் சேர்த்து எட்டாக ஏற்கிறார்கள். மூன்றாவது சீலம் அன்றைக்கு முழுமையான பிரமச்சரியமாகிறது. நண்பகலுக்குப் பின் திட உணவு கொள்வதில்லை. ஆடல் பாடல் காண்பதும் மாலை, நறுமணம், அணிகலன் பூணுவதும் விலக்கப்படுகின்றன. உயர்ந்த, ஆடம்பரமான படுக்கையும் கூடாது.

அதிகாலையிலேயே வெள்ளை உடை உடுத்தி விகாரைக்குச் சென்று, ஒரு பிக்குவின் முன்னிலையில் இந்த எட்டையும் வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொள்வார்கள். பிறகு பகல் முழுவதும் அங்கேயே தங்கி, அறவுரை கேட்டும், பிரித் என்னும் காப்புச் சூத்திரங்களை ஓதுவதில் கலந்தும், தியானத்தில் அமர்ந்தும் பொழுதைக் கழிப்பார்கள். வெளியூரிலிருந்து வரும் ஒருவர் கண்ணுக்கு இரவு வெளிச்சம் மட்டுமே வெசாக்காகத் தெரியும். உண்மையில் வெசாக்கின் முதற்பாதி, மரநிழலில் வெள்ளை உடையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பாட்டிமார்களிடம்தான் இருக்கிறது.

விகாரையில் வழிபாடு எவ்வாறு நடக்கும்?

பூ, விளக்கு, ஊதுபத்தி, நீர் ஆகியவையே காணிக்கைகள். தாமரை, அல்லி, அரளி ஆகிய பூக்களைத் தட்டில் பரப்பி வைத்துச் சொல்லும் பாலிப் பாடலின் பொருள், 'இந்தப் பூ வாடுவதைப் போலவே என் உடலும் அழிவை நோக்கிச் செல்கிறது' என்பதாகும். உலகப் பயன் கேட்கும் வேண்டுதல் எதுவும் அந்த வரிகளில் இல்லை. கொடுப்பவர் தம் நிலையாமையைத் தாமே சொல்லிக்கொண்டு பூவை வைக்கிறார். அரச மரத்தை வலம் வந்து அதன் அடியில் நீர் ஊற்றுவதும், தேங்காய் எண்ணெய் விளக்குகளை வரிசையாக ஏற்றுவதும், தாதுகோபம் எனப்படும் தூபியை வணங்குவதும் இதனோடு சேர்ந்தவை.

பௌத்தர்கள் பூசையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பொருள்களைக் கொண்டு செய்வது ஆமிச பூசை. சொன்னபடி வாழ்ந்து செய்வது பிரதிபத்தி பூசை. புத்தர் இறுதியாகப் படுத்திருந்தபோது, பருவமல்லாத காலத்திலும் சால மரங்கள் பூத்து அவர் மேல் பூக்களைச் சொரிந்தன. வானிலிருந்து இசையும் கேட்டது. இவற்றால் தமக்கு உண்மையான சிறப்பு செய்யப்படுவதில்லை என்றும், அறத்தின் வழி நிற்பவரே தம்மை உயர்வாகப் போற்றுபவர் என்றும் அவர் தம் சீடர் ஆனந்தரிடம் கூறினார். ஒவ்வோர் ஆண்டும் வெசாக் அலங்காரங்கள் அளவு மீறிப் போகும்போது பிக்குகள் எடுத்துச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

தன்சல் என்றால் என்ன? யாருக்கு உணவு கொடுக்கிறார்கள்?

வருவோர் போவோர் அனைவருக்கும் இலவசமாக உணவோ பானமோ வழங்கும் வீதியோரப் பந்தலே தன்சல். தானசாலை என்பதே அந்தப் பெயரின் மூலம். யாருக்கு என்றால், யாருக்கும்தான். சமயம், மொழி, வசதி எதுவும் கேட்கப்படுவதில்லை. காரில் வருபவரும் நடந்து வருபவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். சோறும் கறியும் பரிமாறும் பெரிய தன்சல்கள் உண்டு. அவித்த கடலை, மரவள்ளிக்கிழங்கு, ஐஸ்கிறீம், பழச்சாறு, கொத்தமல்லித் தண்ணீர், தேநீர் என ஒன்றை மட்டும் கொடுக்கும் சிறியவையும் உண்டு. ஒரு தெருவின் இளைஞர்கள், ஒரு சந்தையின் வணிகர்கள், முச்சக்கரவண்டி ஓட்டுநர்கள் என்று யார் வேண்டுமானாலும் பணம் சேர்த்து நடத்தலாம். உணவு கெட்டுப்போய் நோய் பரவக்கூடாது என்பதற்காக, முன்கூட்டியே சுகாதார அலுவலகத்தில் பதிவுசெய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையில் நடத்த வேண்டும் என்பது விதி.

பெரும்பாலும் தன்சலில் கொடுப்பவர்கள் வாங்குபவர்களைக் கைகூப்பியும் கூவியும் அழைப்பார்கள். வாகனத்தை மறித்து, 'ஒரு கோப்பையாவது குடித்துவிட்டுப் போங்கள்' என்று கெஞ்சுவார்கள். இரப்பவரின் கெஞ்சலை நாம் எங்கும் கண்டிருக்கிறோம். கொடுப்பவர் கெஞ்சுவதைக் காண இந்த வீதிகளுக்கு வர வேண்டும். பெறுபவர் ஏற்றுக்கொள்வதால்தான் கொடுப்பவருக்கு நல்வினை கிட்டுகிறது என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. எனவே வாங்குபவர் கூச்சப்படத் தேவையே இல்லை.

உணவுக்கும் இந்த நாளுக்கும் ஏன் இவ்வளவு நெருக்கம்?

புத்தரின் வாழ்க்கைக் கதையிலேயே அதற்கு விடை இருக்கிறது. உடலை வருத்தும் கடுந்தவத்தால் எலும்பும் தோலுமாகிப்போன சித்தார்த்தர், அந்த வழி பயன் தராது என்று கண்டு உணவு கொள்ள முடிவு செய்தபோது, சுசாதை என்னும் பெண் பாற்சோறு கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிரவே அவர் ஞானம் பெற்றார் என்பது மரபு. அவருடைய கடைசி உணவைக் கொடுத்தவன் சுந்தன் என்னும் கொல்லன். அதை உண்டபின் அவருக்குக் கடும் வயிற்று நோய் வந்தது. தான் கொடுத்த உணவே புத்தரின் உயிரைக் கொண்டுபோயிற்று என்று சுந்தன் வருந்தக்கூடும், அல்லது பிறர் அவனைப் பழிக்கக்கூடும் என்று எண்ணிய புத்தர், வலியோடு கிடந்த நிலையிலும் ஆனந்தரை அழைத்து ஒரு செய்தி சொன்னார்: ஞானம் பெறுவதற்கு முன் உண்ட உணவும், பரிநிர்வாணத்துக்கு முன் உண்ட உணவும் சமமான பெரும்பயன் உடையவை, சுந்தனிடம் இதைச் சொல்லி அவன் மனத்துயரை நீக்குங்கள்.

வெசாக் நினைவுகூரும் இரு பெரும் நிகழ்வுகளுக்கும் முன்னால் ஓர் எளிய மனிதர் கொடுத்த உணவு நிற்கிறது. ஒருத்தி கொடுத்தது ஞானத்துக்கு வலுவூட்டியது. ஒருவன் கொடுத்தது இறுதி உணவாயிற்று. இரண்டும் ஒன்றே என்று பெற்றவரே சொல்லிவிட்டார். தன்சலை வெசாக்கின் கேளிக்கைப் பகுதி என்று எண்ணுபவர்களோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம்.

வெசாக் கூடும் தோரணமும் எவ்வாறு செய்யப்படுகின்றன?

மூங்கிலைச் சீவி எடுத்த மெல்லிய கம்புகளால் சட்டம் கட்டி, அதன் மேல் வண்ண மெல்லிழைத் தாளை ஒட்டி, உள்ளே மெழுகுவத்தியோ மின்குமிழோ வைத்தால் வெசாக் கூடு. எட்டுப் பட்டைகள் கொண்ட 'அட்டபட்டம்' என்னும் வடிவம் மிகப் பழகியது. நடுவில் ஒரு பெரிய கூட்டைத் தொங்கவிட்டு, சுற்றிலும் சின்னஞ்சிறு கூடுகளைக் கட்டுவதும் உண்டு. பண்டிகைக்குப் பல நாள்களுக்கு முன்பே, வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகள் பசையும் தாளுமாக உட்கார்ந்துவிடுவார்கள். கடையில் வாங்கும் கூட்டைவிட, ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து தொங்கும் அந்தக் கைவேலைக் கூட்டுக்கே வீட்டில் மதிப்பு.

தோரணம் என்பது வேறு அளவிலான முயற்சி. பல மாடி உயரத்துக்குக் கமுக மரங்களாலும் மூங்கிலாலும் சாரம் எழுப்பி, அதன் முகப்பில் புத்தரின் முற்பிறவிக் கதையாகிய சாதகக் கதை ஒன்றை வரிசைப் படங்களாக எழுதிப் பொருத்துவார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான வண்ண மின்குமிழ்கள். அவை அலையலையாக எரிந்து அணைவதற்கு, பழைய முறையில், செப்புத் தகடுகள் பதித்த ஓர் உருளை பயன்பட்டது: உருளை சுழலச் சுழலத் தகடுகள் கம்பிகளைத் தொட்டும் விட்டும் செல்ல, அதற்கேற்ப விளக்கு வரிசைகள் ஒளிரும். ஒலிபெருக்கியில் ஒருவர் கதையைச் செய்யுளாகப் பாடிச் சொல்ல, எந்தப் படத்தின் கதை நடக்கிறதோ அந்தப் படம் வெளிச்சம் பெறும். எழுத்தறியாதவரும் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார். கொழும்பிலும் அதை ஒட்டியும் தெமட்டகொடை, பேலியகொடை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் தோரணங்களும், கங்காராமை விகாரையை ஒட்டிப் பேரை வாவியில் அமைக்கப்படும் ஒளி அலங்காரமும் பெயர்பெற்றவை.

இறைச்சியும் மதுவும் விற்கப்படாதா?

விற்கப்படாது. வெசாக் நாள்களில் மதுக்கடைகள், இறைச்சிக் கடைகள், இறைச்சி வெட்டும் கூடங்கள், சூதாட்ட விடுதிகள் ஆகியன மூடப்படும். சிறு குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட கைதிகள் சிலர் குடியரசுத் தலைவரின் பொதுமன்னிப்பில் விடுதலையாவதும் வழக்கம்.

வெசாக் எப்போது பொது விடுமுறை ஆனது? பௌத்தக் கொடி எவ்வாறு வந்தது?

பண்டைய அரசர்கள் வெசாக்கைக் கொண்டாடினார்கள். துட்டகைமுனு மன்னன் 24 வெசாக் விழாக்களை நடத்தினான் என்று மகாவம்சம் குறிப்பிடுகிறது. ஆனால் ஐரோப்பியர் ஆட்சியில் அதற்கு அரசு மதிப்பு இல்லாமல் போயிற்று. 1883 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின் கொட்டாஞ்சேனையில் ஒரு பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டதில் பெருங்கலகம் மூண்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற மனக்குறை, பௌத்தர்களை ஓர் அமைப்பாகத் திரட்டியது. அமெரிக்கரான கர்னல் ஒல்கொட் அவர்கள் சார்பில் 1884 இல் லண்டனுக்குச் சென்று குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் முறையிட்டார். அந்த முயற்சியின் பயனாக, 1885 ஆம் ஆண்டு முதல் வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று.

அவ்வாண்டு ஏப்ரல் 28 ஆம் நாள், அதே கொட்டாஞ்சேனையிலுள்ள தீபதுத்தாராம விகாரையில் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் ஆகிய ஐந்து நிறங்களும், அவை ஐந்தும் சேர்ந்த ஆறாவது பட்டையும் கொண்டது அக்கொடி. ஞானம் பெற்ற புத்தரின் உடலிலிருந்து வெளிப்பட்ட ஒளிக்கதிர்களை அது குறிக்கிறது. இன்று உலகின் பல நாடுகளில் அதுவே பௌத்தர்களின் பொதுக்கொடி.

ஐக்கிய நாடுகள் சபை வெசாக்கை ஏற்றுக்கொண்டது எப்போது?

1999 ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று, 54/115 என்ற எண் கொண்ட தீர்மானத்தின் வழியாக. இலங்கை முன்னின்று கொண்டுவந்த அந்த முயற்சியின்போது நாட்டின் வெளிநாட்டு அமைச்சராக இருந்தவர் தமிழரான லக்ஷ்மன் கதிர்காமர்.

இலங்கைத் தமிழர்களுக்கும் இந்த நாளுக்கும் என்ன உறவு?

இதற்குக் கசப்பும் இனிப்பும் கலந்த விடைதான் கூற முடியும். யாழ்ப்பாணத்தின் கந்தரோடையில் பழைய தூபிகளின் எச்சங்கள் இருக்கின்றன. நயினாதீவில் நாகவிகாரையும் நாகபூசணி அம்மன் கோயிலும் ஒரே தீவில் நிற்கின்றன. மணியிழைத்த ஓர் ஆசனத்துக்காகப் போரிட்ட இரு நாக அரசர்களைப் புத்தர் அமைதிப்படுத்தினார் என்ற கதை மகாவம்சத்தில் நாகதீபத்திலும், மணிமேகலையில் மணிபல்லவத்திலும் நடக்கிறது. இரண்டும் நயினாதீவே என்று கருதுவோர் பலர். உரிமைக்காக உறவினர் இருவர் வாளெடுத்த இடத்தில் அமைதி சொல்லப்பட்டது என்பதை இரு மொழிகளும் நினைவில் வைத்திருக்கின்றன.

மறுபுறம், போரின்போதும் அதன் பின்னும் வடக்கிலும் கிழக்கிலும் வெசாக் அலங்காரங்களைப் பெரும்பாலும் படையினரே முன்னின்று நடத்தியதால், பல தமிழர்களுக்கு அந்த வெளிச்சம் ஒரு சமயத்தின் வெளிச்சமாகத் தெரியவில்லை. அதிகாரத்தின் வெளிச்சமாகவே தெரிந்தது. 2019 ஆம் ஆண்டு வெசாக் மே 18 ஆம் நாள் வந்தது. முள்ளிவாய்க்காலில் உயிரிழந்தோரைத் தமிழர்கள் நினைவுகூரும் நாளும் அதுவே. அவ்வாண்டு அதன் பத்தாம் ஆண்டு. அதற்கு நான்கு வாரங்களுக்கு முன்புதான் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்திருந்ததால் நாடெங்கும் வெசாக் அடக்கமாகவே நடந்தது. ஒரே மாலையில் ஒரே தீவில் வெவ்வேறு துயரங்களுக்காகவும் வெவ்வேறு நம்பிக்கைகளுக்காகவும் விளக்குகள் ஏற்றப்பட்டன. ஒருவர் ஏற்றிய விளக்கின் பொருளை மற்றவர் அறிந்துகொள்வதற்கு இன்னும் நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கிறது என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. கொழும்பிலும் மலையகத்திலும் சிங்கள அயலவரோடு சேர்ந்து தன்சல் வரிசையில் நின்று வளர்ந்த தமிழர்கள் பலர் இருப்பதும் அதே அளவுக்கு உண்மை.

தமிழ்நாட்டில் இந்த நாள் கொண்டாடப்படுகிறதா?

கொண்டாடப்படுகிறது, புத்த பூர்ணிமா என்ற பெயரில் இந்திய நடுவண் அரசு விடுமுறையும் அளிக்கிறது. காஞ்சிபுரமும் காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் ஒரு காலத்தில் பௌத்த நகரங்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையைக் கட்டியவர்கள் கடல்கடந்த ஸ்ரீவிஜய அரசர்கள். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தவன் சிவபாதசேகரன் எனப்பட்ட இராசராச சோழன். அங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். நடுவில் அறுந்த இழையை, 1898 இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி மீண்டும் தொடங்கியவர் அயோத்திதாசப் பண்டிதர். சாதி இழிவுக்கு எதிரான அறமாகப் பௌத்தத்தை அவர் தமிழில் விளக்கியது, அம்பேத்கர் 1956 இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது.

பிற நாடுகளில் எவ்வாறு?

மியான்மரில் கசோன் மாத முழுநிலாவன்று அரச மரத்துக்கு நீர் வார்க்கிறார்கள். இந்தோனேசியாவில் மெண்டுட் கோயிலிலிருந்து போரோபுதூர் வரை ஊர்வலம் செல்கிறது. கொரியாவில் தாமரை விளக்குகள் ஏந்தி நடக்கிறார்கள். ஜப்பானில் ஏப்ரல் 8 ஆம் நாள் குழந்தைப் புத்தர் உருவத்தின் மேல் இனிப்புத் தேநீரை ஊற்றுகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது பொது விடுமுறை.

பௌத்தரல்லாதவர் வெசாக் அன்று விகாரைக்குச் செல்லலாமா?

தாராளமாகச் செல்லலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். வெள்ளையாக இருந்தால் நல்லது. காலணியையும் தொப்பியையும் வாயிலிலேயே கழற்றிவிட வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது பெரும் அவமதிப்பாகக் கருதப்படும். சில் ஏற்றவர்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் உரக்கப் பேசாமல், அவர்களுக்குக் குறுக்கே நடக்காமல் விலகிச் செல்லுங்கள். பிக்கு ஒருவருக்கு எதையாவது கொடுப்பதானால் இரு கைகளாலும் கொடுங்கள். பெண்கள் கொடுக்கும்போது அவர் கையைத் தொடாதபடி கொடுப்பது வழக்கம். வெளியே வந்ததும் எதிரில் தன்சல் பந்தல் இருக்கும். பெரும்பாலும் ஒரு பள்ளிச் சிறுவன் சாலை நடுவில் கொடியை அசைத்து உங்களை நிறுத்துவான். வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு வாய் தேநீராவது வாங்கிக் குடியுங்கள். அவன் காலையிலிருந்து அதற்காகத்தான் அங்கே நிற்கிறான்.